கப்பல் ஒன்று, கோலம் பல

கடல் இல்லாத ஊர் நம் பெங்களூர். ஆயினும் இந்த மாநிலத்தின் பழைய பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1957 முதல் 1985 வரை 28 ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் பணியாற்றியது. அதுதான் ஐ.என்.எஸ். மைசூர். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே வந்து சேர்ந்தது 'டெல்லி'. பேட்டில்ஷிப் எனப்படும் மாபெரும் போர்க்கப்பல் எதுவும் இந்தியாவிடம் இருந்ததில்லை. குரூசர் வகையைச் சேர்ந்த இவ்விரண்டும்தான் நம் கடற்படையின் மிகப் பெரிய பீரங்கிக் கப்பல்கள்.

இரண்டும் இன்று இல்லை. உடைத்துப் பழைய இரும்பாக விற்றாகிவிட்டது. இனி அவற்றை நான்கு புறமும் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் மாதிரிக் கப்பல் ஒன்றே வழி. பொழுதுபோக்காக மாதிரி செய்யும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி "எந்தக் கப்பல்?" என்பதல்ல, "எந்தத் தேதியில் இருந்த கப்பல்?" என்பதே. ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம்டன் தரும் முதல் பாடம்

கெட்டிக்கார ஆசாமியை "அவன் சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் மீது குண்டு வீசி, துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் தந்த சொல் அது. சமாதான காலத்தில் எம்டனின் உடல் பளிச்சென்ற வெள்ளை நிறம். 'கீழ்த்திசை அன்னம்' என்றே அதற்குப் பெயர். போர் மூண்டதும் சாம்பல் நிறம் பூசிவிட்டார்கள். எனவே வெள்ளை எம்டனைச் செய்து கீழே 'சென்னை, 1914' என்று எழுதினால் அது தவறு.

இன்னொன்றும் உண்டு. எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. 1914 அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கு துறைமுகத்தில் நுழைந்தபோதோ நான்கு தெரிந்தன. ஆங்கிலேயக் கப்பல் என்று எதிரியை நம்பவைக்கப் போலியாக ஒன்றைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஆகவே மூன்று என்பதும் சரி, நான்கு என்பதும் சரி. எந்த நாள் என்பதைப் பொறுத்தது.

மராமத்து என்னும் மறுபிறவி

எம்டனில் மாறியது பூச்சும் வேஷமும்தான். ரீஃபிட் என்று கடற்படையில் சொல்லப்படும் பெரிய மராமத்து நடந்தால் கப்பலின் உருவமே மாறிவிடும். இரண்டாம் உலகப் போரில் இது மிக அதிகம். விமானங்களால் வந்த ஆபத்து பெருகப் பெருக, கப்பலின் மேல்தளங்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அடுக்கினார்கள். கொடிமரங்களின் உச்சியில் ரேடார் ஏறியது. கூரையில் மூட்டை ஏற்றிய பஸ் வளைவில் எப்படிச் சாயுமோ, அப்படியே மேற்பாரம் கூடிய கப்பலும் அலையில் சாயும். ஆகவே ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்கியாக வேண்டும். பல ஆங்கிலேயக் குரூசர்களில் அப்படி இறங்கியது 'எக்ஸ்' கூண்டு.

அது என்ன எக்ஸ்? பெரிய பீரங்கிகள் இரண்டு மூன்றாகச் சுழலும் இரும்புக் கூண்டுகளில் இருக்கும். டர்ரெட் என்பது கடற்படைச் சொல். முன்பக்கத்துக் கூண்டுகளுக்கு ஏ, பி என்றும் பின்பக்கத்துக் கூண்டுகளுக்கு எக்ஸ், ஒய் என்றும் பெயர். பின்பக்கத்து இரண்டில் உயரத்தில் இருப்பது எக்ஸ். அதை எடுத்தால் பாரம் கணிசமாகக் குறையும். விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு நல்ல இடமும் கிடைக்கும்.

அக்கிலிஸ் டெல்லியான கதை

நம் 'டெல்லி' பிறக்கும்போது அதன் பெயர் அக்கிலிஸ். இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் நகரின் கேமல் லேர்ட் தளத்தில் கட்டப்பட்டு, 1932 செப்டம்பர் 1 அன்று நீரில் இறங்கியது. 1936-ல் நியூசிலாந்துக்குக் கொடுக்கப்பட்டது. 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு அப்பால் ஏஜாக்ஸ், எக்ஸெட்டர் ஆகிய கப்பல்களோடு சேர்ந்து 'கிராஃப் ஸ்பே' என்ற ஜெர்மன் போர்க்கப்பலை எதிர்த்துப் புகழ் பெற்றது. அக்கிலிஸில் நால்வர் உயிரிழந்தனர்.

அன்றைய அக்கிலிஸுக்கு நான்கு கூண்டுகள். கூண்டுக்கு இரண்டாக எட்டு ஆறங்குலப் பீரங்கிகள். நாலங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நான்கும் ஒற்றை ஒற்றையாக நின்றன. தங்கைக் கப்பலான ஏஜாக்ஸில் அவை இரட்டை இரட்டையாக மாறிவிட்டிருந்தன. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஏஜாக்ஸ் கிட்டை வாங்கிப் பெயரை மட்டும் அக்கிலிஸ் என்று மாற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1943 ஜனவரி 5 அன்று குவாடல்கனால் தீவருகே ஜப்பானிய விமானத்தின் குண்டு எக்ஸ் கூண்டின் மேல் விழுந்தது. 13 பேர் மாண்டனர். அந்த ஆண்டு ஏப்ரலில் போர்ட்ஸ்மத் தளத்தில் மராமத்து தொடங்கியது. அங்கும் விதி விடவில்லை. ஜூன் 22 அன்று கப்பலுக்குள் நேர்ந்த வெடிவிபத்தில் 14 பேர் பலியாயினர். 1944 மே மாதம் வெளிவந்த அக்கிலிஸில் எக்ஸ் கூண்டு இல்லை. அந்த இடத்தில் நான்கு குழல் பாம்-பாம் பீரங்கி நின்றது. ஆறங்குலப் பீரங்கிகள் எட்டு ஆறாகிவிட்டன. நாலங்குலப் பீரங்கிகள் இரட்டையாகி எட்டாயின. கொடிமரங்கள் முக்காலி வடிவம் பெற்றன.

இந்த உருவத்தில்தான் கப்பல் 1948 ஜூலை 5 அன்று நம்முடையதாகி 'டெல்லி' ஆயிற்று. அப்போது அதில் தலைவருக்கு அடுத்த அதிகாரியாக இருந்தவர் செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி. 1958-ல் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

சினிமா சொன்ன பொய்

1956-ல் வெளிவந்த 'தி பேட்டில் ஆஃப் தி ரிவர் பிளேட்' என்ற ஆங்கிலப் படத்தில் அக்கிலிஸாக நடித்தது வேறு யாருமல்ல, நம் டெல்லியேதான்! மற்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு கப்பல்கள் வேஷம் கட்டின. உண்மையான அக்கிலிஸே நடித்திருக்கும்போது அதைவிட நல்ல சாட்சி உண்டா என்று தோன்றும். ஆனால் 1939-ல் நான்கு கூண்டுகளோடு போரிட்ட கப்பல், படத்தில் மூன்று கூண்டுகளோடு அதே போரைச் செய்கிறது! கப்பல் உண்மை, காலம் பொய். அசல் கப்பலே நேரில் வந்து நின்றாலும் தேதியைக் கேட்காமல் அதன் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1978 ஜூன் 30 அன்று டெல்லி ஓய்வு பெற்றது. அதன் ஒய் கூண்டை இந்தியா நியூசிலாந்துக்குப் பரிசாக அளித்தது. ஆக்லாந்தில் உள்ள டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் வாசலில் அதை இன்றும் காணலாம்.

நைஜீரியா மைசூரான கதை

மைசூரின் முதற்பெயர் நைஜீரியா. நியூகாசிலில் கட்டப்பட்டு 1939 ஜூலை 18 அன்று நீரில் இறங்கியது. கூண்டுக்கு மூன்றாக 12 ஆறங்குலப் பீரங்கிகள். 1942 ஆகஸ்ட் 12 அன்று மால்டா தீவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுசென்ற கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போனபோது, ஆக்ஸம் என்ற இத்தாலிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கி 52 பேர் உயிரிழந்தனர். அமெரிக்காவில் பழுது பார்க்க ஒன்பது மாதம் பிடித்தது. 1944-ல் இலங்கையைத் தளமாகக் கொண்ட கீழைக் கடற்படையில் சேர்ந்தது.

இதன் தங்கைகளான ஜமைக்கா, கென்யா முதலியவை போர்க்காலத்திலேயே எக்ஸ் கூண்டை இழந்தன. நைஜீரியாவோ நான்கு கூண்டுகளோடு போரை முடித்தது. 1954-ல் இந்தியா விலைக்கு வாங்கி, அக்கிலிஸ் பிறந்த அதே கேமல் லேர்ட் தளத்தில் புதுப்பித்தபோதுதான் எக்ஸ் கூண்டும் டார்ப்பிடோக் குழாய்களும் அகன்றன. முக்காலிக் கொடிமரங்கள் போய், மின்சாரக் கோபுரம் போன்ற பின்னல் சட்டக் கொடிமரங்கள் வந்தன. 1957 ஆகஸ்ட் 29 அன்று மைசூர் என்று பெயர் சூட்டப்பட்டது. சின்னமாக அமைந்தது நம் மாநில முத்திரையிலும் காணும் இருதலைப் பறவையான கண்டபேரண்டம். 1971 போரில் மேற்குப் படையின் தலைமைக் கப்பல் இதுவே.

ஆக, தங்கைக் கப்பலின் 1945-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்து நைஜீரியாவைச் செய்தாலும் தவறு. நைஜீரியாவின் படத்தைப் பார்த்து மைசூரைச் செய்தாலும் தவறு.

ஆராய்வது எப்படி?

முதலாவது, தேதியை முடிவு செய்து காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய மராமத்து எது, பிந்தையது எது என்று இருபுறமும் எல்லை கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் எடுத்த படங்களுக்கே முதல் மரியாதை.

இரண்டாவது, வரைபடம். கப்பல் கட்டி முடிந்தபின் உள்ளது உள்ளபடி வரையும் படங்கள் இங்கிலாந்தில் கிரீன்விச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பெருந்தொகையாக உள்ளன. பின்னர் செய்த மாற்றங்களை அதே படத்தில் வேறு நிற மையில் குறிப்பது வழக்கம். ஆகவே மையின் நிறத்தையும் பாருங்கள்.

மூன்றாவது, புகைப்படம். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்திலும் ஆக்லாந்து கடற்படை அருங்காட்சியகத்திலும் போர்க்காலப் படங்கள் உண்டு. படத்தின் கீழே அச்சிட்ட ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். கூண்டு எத்தனை, கொடிமரம் எவ்வகை என்று எண்ணிப் பாருங்கள். போர்க்காலத் தணிக்கையாளர்கள் ரேடாரை அழித்துவிட்டு வெளியிட்ட படங்களும் உண்டு என்பதால், படத்தில் ரேடார் இல்லாததை மட்டும் வைத்துத் தேதி சொல்லலாகாது. லண்டன் க்யூ ஆவணக் காப்பகத்தில் உள்ள கப்பல் நாட்குறிப்புகள் எந்த நாளில் எந்தத் துறைமுகம் என்று சொல்லிவிடும். படத்தில் தெரியும் துறைமுகத்தோடு அதைப் பொருத்தினால் தேதி பிடிபடும்.

நான்காவது, நிறம். அந்நாளைய கறுப்பு வெள்ளைப் பிலிம் வகைகளில் சில, சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறலாகவும் காட்டும். படத்தில் வெளுப்பாகத் தெரிவது உண்மையில் நீலச் சாம்பலாக இருக்கலாம்.

ஐந்தாவது, கொடி. 1948-ல் டெல்லி ஏற்றியது ஆங்கிலேயரின் வெள்ளைக் கொடி. 1950 ஜனவரி 26 முதல் செஞ்சிலுவையோடு மூலையில் மூவர்ணம். 2022-ல் வந்த இன்றைய கடற்படைக் கொடியை மைசூரில் ஒட்டினால், கப்பல் ஓய்வு பெற்று 37 ஆண்டுகளுக்குப் பிந்தைய கொடியை அதற்கு ஏற்றியதாகும். பெயரிலும் எச்சரிக்கை தேவை. 1997-லும் 1999-லும் கடற்படையில் சேர்ந்த புதிய நாசகாரிக் கப்பல்களுக்கும் டெல்லி, மைசூர் என்றே பெயர். பழைய குரூசர்களைத் தேடுவோர் சி74, சி60 என்ற எண்களைச் சேர்த்துத் தேடுவது நல்லது.

ஆறாவது, கணக்கு. இரண்டு குரூசர்களும் ஏறத்தாழ 169 மீட்டர் நீளம். 1/700 அளவில் 24 சென்டிமீட்டர். 1/350 அளவில் 48. நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் கப்பல் 13 சென்டிமீட்டர் இருந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு 13 மீட்டர். அதே படத்தில் கொடிமரம் 2 சென்டிமீட்டர் என்றால் உண்மையில் 26 மீட்டர். பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதான். 1/700-ல் ஒரு மில்லிமீட்டர் என்பது 70 சென்டிமீட்டர். கைப்பிடிக் கம்பியின் கனத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கூண்டு மூன்றா நான்கா என்பதில்தான் கவனம் வேண்டும்.

நம் வீட்டுப் பெட்டிகளில்

போர்க்காலத்து அக்கிலிஸுக்கும் நைஜீரியாவுக்கும் அயல்நாட்டு ஆவணங்கள் உண்டு. டெல்லியாகவும் மைசூராகவும் அவை வாழ்ந்த காலத்துக்கு? கடற்படை வெளியிட்ட வரலாற்று நூல்கள் நிகழ்ச்சிகளைச் சொல்லும். ஆனால் 1965-ல் மேல்தளத்தில் எந்தப் பீரங்கி எங்கே நின்றது என்பதைச் சொல்லக்கூடியவை, அங்கே நின்று மாலுமிகள் எடுத்துக்கொண்ட குழுப் படங்கள்தான். முன்னால் நிற்பவர் தாத்தாவாக இருக்கலாம். பின்னால் தெரிவது சரித்திரம்.

டெல்லியில் பணியாற்றிய கடைசித் தலைமுறைக்கே இன்று அறுபதுக்கு மேல் வயது. வீடு மாறும்போதும் பெரியவர்கள் மறையும்போதும் முதலில் குப்பைக்குப் போவது பழைய ஆல்பம். நம் சங்க உறுப்பினர் குடும்பங்களில் கடற்படையில் இருந்தவர்கள் எவரேனும் இருந்தால், அன்பர்கள் தயவு செய்து பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரியவர் அருகில் இருக்கும்போதே எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். அந்த ஒரு வரித் தேதி இருந்தால் போதும், கப்பலை ஒருவர் சரியாகக் கட்டிவிடுவார்.