கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்குதல்

பல் ஒன்றைப் பிடுங்குவதை எவரும் பெரிய காரியமாக எண்ணுவதில்லை. பிடுங்கிய குழியில் இரத்தம் உறைகின்றது. சில நாட்களில் அவ்வுறைவினுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புகுந்து, புதிய இழையம் வளர்கின்றது. பின்னர் எலும்புக் கலங்கள் தம் வேலையைத் தொடங்குகின்றன. மூன்று நான்கு மாதங்களில் குழி பெரும்பாலும் எலும்பால் நிரம்பிவிடும்.

இவ்வளவுக்கும் ஆதாரம் இரத்த ஓட்டம். வாயிலோ தொண்டையிலோ தோன்றிய புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் தாடையில் அவ்வோட்டமே குன்றிவிடுகின்றது. புற்றை அழிக்கும் கதிர், அயலிலுள்ள எலும்பின் சிறு குழாய்களையும் கலங்களையும் தாக்குகின்றது. வெளிப்பார்வைக்குத் தாடை நலமாகவே தோன்றும். உள்ளேயோ அது நீர் வற்றிய வயல். அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரியலாம். அது உயிரற்றுப் போகலாம். முற்றினால் தாடை முறியவுங் கூடும். இரத்த வளம் குறைந்த கீழ்த்தாடைக்கே இவ்வபாயம் மிகுதி. ஆண்டுகள் பல கழிந்தாலும் அது முற்றாக நீங்குவதில்லை.

இதனைத் தடுக்க வழி யாது? அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் 1985 இல் வெளியிட்ட ஆய்வில், பெனிசிலின் பெற்ற 37 பேரில் 11 பேருக்கு எலும்பு கெட்டது. அழுத்த அறையில் பிராணவாயு சுவாசித்த 37 பேரில் இருவருக்கே கெட்டது. எனவே அம்முறை பல நாடுகளிற் பரவியது. ஆயின், 2019 இல் வெளியான பிரித்தானிய வைத்தியர்களின் ஆய்வில், பிராணவாயு பெற்றோர், பெறாதோர் ஆகிய இரு சாராரிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேரே பாதிக்கப்பட்டனர். அறையினால் தனிப்பயன் காணப்படவில்லை.

ஆகவே, வருமுன் காத்தலே சிறந்தது. கதிர்ச் சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரைக் காணவேண்டும். காப்பாற்ற இயலாத பற்களை, இயன்றால் இரண்டு வாரங்களுக்கு முன்னரே அகற்றினால் புண் ஆறிவிடும். சிகிச்சையின் பின் உமிழ்நீர் குறைவதால் பற்கள் விரைவிற் சொத்தையாகும். புளோரைட்டு கலந்த பற்பசையும் ஒழுங்கான பரிசோதனையும் அவற்றைக் காக்கும்.

வெற்றிலை மெல்லும் வழக்கம் மிகுந்த இலங்கையில், ஆண்களிடையே வாய்ப்புற்று முன்னிற்கும் நோயாகும். அதிலிருந்து மீண்டோர் பலர், "நோய் தீர்ந்தது" என்று பழைய சிகிச்சையை மறந்துவிடுவர். பல் வைத்தியரின் நாற்காலியில் அமரும்போது, "எனக்குக் கதிர்ச் சிகிச்சை நடந்தது" என்று முதலிற் சொல்வார்களாயின், அந்த ஒரு வார்த்தையே தாடையைக் காக்கும்.