அரசலாற்றங்கரையில் ஒரு பிரெஞ்சு நகரம்

காவிரியின் கிளையான அரசலாறு வங்கக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய காரைக்கால், 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் வசமாகி, இடையில் சில முறை ஆங்கிலேயரிடம் வீழ்ந்து மீண்டு, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த துறைமுக நகரமாகும். மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் லங்காட் ஆற்றங்கரையில் சுல்தான் அப்துல் சமாட்டின் அரசிருக்கையாக விளங்கிய ஜுக்ராவைக் கண்டவர்கள், ஆற்றுவழி வாணிகமே ஓர் ஊரின் தலையெழுத்தை வகுப்பதை இங்கும் உணரலாம். வளமான தஞ்சைச் சமவெளியின் நெல்லும் துணியும் கடலுக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றாக இருந்ததாலேயே பிரெஞ்சுக்காரர் இச்சிறு நிலப்பகுதியை விடாது பற்றியிருந்தனர்.

ஆயினும், புதுச்சேரியைப் போல் மஞ்சள் நிற மாளிகைத் தெருக்களை எதிர்பார்த்து இங்கு வருவோர் ஏமாற்றமடைவர். காரைக்காலின் பெருமை அதன் வழிபாட்டிடங்களிலேயே மிகுதியாக வெளிப்படுகிறது. சைவ நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவரான காரைக்கால் அம்மையார், புனிதவதி என்ற பெயருடன் வணிகர் குடியில் பிறந்தது இவ்வூரில்தான். அவர் நினைவாக ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாடனர் திருக்கோலத்தில் இறைவன் வீதியுலா வரும்போது, அடியார்கள் மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்களை வீசி வேண்டுதலை நிறைவேற்றுகின்றனர். தேற்றரவு அன்னை ஆலயமும், ஆண்டுதோறும் கந்தூரி விழா நடைபெறும் மஸ்தான் சாகிபு தர்காவும் இந்நகரில்தான் உள்ளன. சனி பகவான் சந்நிதிக்குப் புகழ்பெற்ற திருநள்ளாறு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாலையில் அரசலாற்றின் கரையோரமாகக் கடற்கரைவரை நடந்து செல்வது உள்ளூராரின் வழக்கம்.

பிரெஞ்சு ஆட்சியின் ஆழமான சுவடு கட்டடங்களைக் காட்டிலும் மனிதர்களிடமே தங்கியிருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சு அரசு, குறிப்பிட்ட காலத்திற்கு உழைப்பதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தக் கூலிகளைப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கப்பலேற்றியது. அதே காவிரிப் படுகையைச் சேர்ந்த வேறு பலர், சற்றுத் தெற்கே ஆங்கிலேயர் வசமிருந்த நாகப்பட்டினத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றனர். அருகருகே இருந்த இரு துறைமுகங்கள் ஒரே மண்ணின் மக்களை இருவேறு பேரரசுகளுக்குப் பிரித்தனுப்பின. 1962இல் ஆட்சி மாற்றம் சட்டப்படி நிறைவுற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள், பிரான்சின் தேர்தல்களில் இன்றும் வாக்களிக்கின்றனர்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானத்தில் வருவோர், அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் பயணத்தில் காரைக்காலை அடையலாம். சனிக்கிழமைகளிலும், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியின்போதும் திருநள்ளாற்றில் கூட்டம் பெருகும். ஆதலால் ஊரை நிதானமாகக் காண விரும்புவோர் மற்ற நாட்களையும், மாங்கனி விழாவைக் காண விழைவோர் ஜூன் பிற்பகுதி அல்லது ஜூலையையும் தேர்ந்துகொள்வது நலம்.