80-ஐத் தொட்டதும் உதறுகிறதா உங்கள் பழைய கார்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீட்டு வாசல்களில் வயதான கார் ஒன்று நிற்கும். 15 வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டி, இன்னும் 5 வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்த வண்டி. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டாலும் அதை விற்க மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வண்டிகளின் பொதுவான புகார், 'உதறுது'.

இதை மட்டும் சொல்லி மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்தால் இன்ஜின் மவுண்டிங் மாறும், பிறகு ஆக்சில் மாறும், கடைசியில் டயரும் மாறும். உதறல் மட்டும் மாறாது. எப்போது, எந்த வேகத்தில், எங்கே உதறுகிறது என்ற மூன்றையும் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்டி நிற்கும்போதே உதறினால் சக்கரத்தின் மேல் பழி போட முடியாது. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கின் ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் இறுகி வெடித்திருக்கலாம். அல்லது மெக்கானிக்குகள் சொல்வது போல 'மிஸ்ஸிங்' அடிக்கலாம். மாருதி 800-ல் மூன்று சிலிண்டர். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் விநாடிக்கு 20 முறை எரிபொருள் பற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கோ வயரோ கெட்டு ஒரு சிலிண்டர் சும்மா இருந்தால் மூன்றில் ஒரு அடி விடுபடும், வண்டியே குலுங்கும். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பாகவே லேசான நடுக்கம் உண்டு. அதற்காக மவுண்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

ஓட்டத்தில் மட்டும் உதறினால் ஒரு சோதனை செய்யலாம். உதறும் வேகத்தில், பின்னால் வண்டி வராத இடத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கிளட்சை மிதியுங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக் கல்லாகிவிடும், சாவியைத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். கிளட்ச் மிதித்தும் உதறல் தொடர்ந்தால் கோளாறு பெரும்பாலும் சக்கரப் பக்கம். நின்றுவிட்டால் இன்ஜின், மவுண்டிங், ஆக்சில் பக்கம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் உதறி, விட்டதும் அடங்கினால் ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட் மீது சந்தேகப்படலாம். பிரேக் பிடித்தால் மட்டும் என்றால் டிஸ்க்.

இந்தச் சோதனைக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒட்டுப்போட்ட பகுதிகள் ஆகாது. அங்கே புதுக் காரும் உதறும். வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில், வேக வரம்புக்கு உட்பட்டு, கூட்டமில்லாத நேரத்தில் பார்ப்பது நல்லது.

சக்கரம்தான் என்று தெரிந்துவிட்டால் முதல் சந்தேகம் வீல் பேலன்ஸிங். மாருதி 800-ன் சிறிய 12 அங்குலச் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் 20 கிராம் வெயிட் ஒன்று கழன்று விழுந்திருந்தால், அந்த வேகத்தில் 2 கிலோவுக்கு மேற்பட்ட விசை ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை ஆட்டும். 40-ல் அது நாலில் ஒரு பங்குதான். டவுனுக்குள் ஓட்டும்போது தெரியாமல், வெளியூர் போனால் மட்டும் உதறுவதன் காரணம் இதுதான். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட் அதிர்ந்தால் பின்சக்கரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் முடிந்ததும் வரும் உதறலுக்குச் செலவே இல்லாத காரணம் ஒன்று உண்டு. ரிம்மின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்த சேறு! தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே சரியாகிவிடலாம்.

பேலன்ஸிங் செய்தும் உதறினால் முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் பாருங்கள். உதறலும் இடம் மாறினால் டயரோ ரிம்மோதான். பள்ளத்தில் இறங்கி வளைந்த ரிம் பேலன்ஸிங் மெஷினில் சுற்றும்போது கண்ணுக்கே தெரியும். இடம் மாறாவிட்டால் பேரிங், பால் ஜாயின்ட், ஹப் எனப் பார்க்க வேண்டும். பலரும் அலைன்மென்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டு உதறல் போகவில்லை என்று சண்டை போடுகிறார்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும்; உதறலுக்கு அது நேரடிக் காரணம் இல்லை.

ஆனால் சில உதறல்களுக்கு நாள் கடத்தக் கூடாது. டயர் கழற்றி மாட்டிய பிறகு திடீரென்று ஆட்டம் வந்தால் உடனே ஓரங்கட்டி வீல் போல்ட்டுகளைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. அது ஓட்டத்திலேயே வெடிக்கலாம். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு திரும்புவதே சரி.

குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாமல் இருப்பதால் டயர் புதுசு போலவே தெரியும். ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள். பல வண்டிகளில் அதுதான் இருப்பதிலேயே பழசு.