வாடைக் காற்றுக்குத் தாழ்ப்பாள்

மகளோ மருமகளோ லண்டனில் குடித்தனம் நடத்துகிறாளா? பேரக் குழந்தையைக் கொஞ்சுவதற்கு மார்கழியில் விமானம் ஏறப் போகிறீர்களா? அப்படியானால், ஊறுகாய் ஜாடியோடு ஒரு கட்டு ஊதுபத்தியையும் பெட்டியில் வைத்துக் கொள்ளுங்கள். பூஜைக்கு மட்டுமல்ல, திருடன் பிடிக்கவும்தான்!

காற்றுத்தான் அந்தத் திருடன். நம் ஊரில் 'நல்ல காற்றோட்டம்' என்றால் வாடகையைக் கூட்டிச் சொல்வார்கள். அங்கே குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழ்.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற, தமிழர்கள் நிறைய வசிக்கும் பகுதிகளில் வரிசை வீடுகளில் பல, நூறு வயதைத் தாண்டியவை. அறைக்கு அறை கரிக் கணப்பு எரிந்த காலத்தில் கட்டியவை. நெருப்புக்குக் காற்று வேண்டுமே! ஆகையால் இடுக்குகளை யாரும் பெரிய குறையாக நினைக்கவில்லை. 1952 டிசம்பரில் கரிப்புகை மூடுபனியாய்க் கவிந்து லண்டனில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1956-இல் புகைத் தடைச் சட்டம் வந்தது. கரி போய், காஸ் அடுப்பில் காயும் வெந்நீர் குழாய் வழியே ஓடி அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு வந்தது. புகைபோக்கியும் இடுக்குகளும் மட்டும் போகவில்லை.

உஷ்ணக் காற்று இலேசானதல்லவா? அது மேலேறிப் புகைபோக்கி வழியே நழுவுகிறது. அதற்கு ஈடாகக் கதவடியில் குளிர் காற்று நுழைகிறது. காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று வானத்துக்குத் தானம்! சாதாரணக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,277 பவுனாகக் கணக்கிட்டிருந்த காஸ், மின்சாரச் செலவு 2022 ஏப்ரலில் ஒரே தாவாக 1,971 பவுனாயிற்று. (தங்கப் பவுன் அல்ல, பயப்படாதீர்கள்.)

காற்று பலமாக வீசும் நாளில் ஊதுபத்தியை ஏற்றி, ஜன்னல் ஓரம், கதவடி, தரைப் பலகை இடுக்கு, பரண் மூடி என்று மெதுவாகக் கொண்டு போங்கள். புகை எங்கே வளைந்து ஆடுகிறதோ, அங்கேதான் திருட்டு வழி. திரைச்சீலை ஜாக்கிரதை! புகை அலாரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடும்.

அறைக் கதவின் அடியிடுக்குக்குக் கைவைத்தியம் உண்டு. பழைய வேட்டியில் கதவின் அகலத்துக்கு நீளப் பை தைத்து, கிழிந்த காலுறை, துணித் துண்டுகளைத் திணித்து, கனத்துக்கு இரண்டு பிடி உலர்ந்த அரிசி போட்டு வாயைத் தையுங்கள். பாம்பு மாதிரி படுத்திருக்கும். இரண்டு கண்களும் ஒரு சிவப்பு நாக்கும் தைத்துவிட்டால் பேரன் அதற்குப் பெயரே வைத்துவிடுவான்! வாசற்கதவின் தபால் துவாரத்துக்குத் தூரிகை வைத்த மூடியும், சாவித் துவாரத்துக்கு வில்லையும் கடையில் கிடைக்கும். திறந்து மூடும் ஜன்னலுக்கு ஒட்டும் நுரைப் பட்டை போதும். மேலும் கீழும் நகரும் ஜன்னலில் அது உரசிப் பிய்ந்துவிடும். தூரிகைப் பட்டைதான் சரி. எரியாத கணப்பின் புகைபோக்கிக்குள் ஊதி வைக்க ஒரு பலூன் உண்டு. என்றைக்காவது நெருப்பு மூட்டினால் முதலில் அதை எடுக்க வேண்டும்.

ஆனால் சகோதரிகளே, சிக்கனத்தில் ஆசை மிஞ்சி எல்லாத் துளைகளையும் அடைத்துவிடாதீர்கள்! வெளிச்சுவரின் அடியிலுள்ள துளைச் செங்கல் தரைக்கடியில் ஈரம் தங்காமல் காப்பது. அதை மூடினால் மரம் உளுத்துவிடும். சமையலறை, குளியலறைக் காற்று வழிகளையும் தொட வேண்டாம். நம் சமையலில் ஆவி கொஞ்சமா? சாதம் ஒரு பக்கம், சாம்பார் ஒரு பக்கம். போதாததற்கு அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தும் துணிகள்! அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து கரும்பூசணமாகும். குழந்தைகளுக்கு இழுப்பு வர அதுவே காரணமாகலாம். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். புகை விசிறியைச் சுழல விடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அபாயம், காஸ் அல்லது கரிக் கணப்பு எரியும் அறையின் காற்று வழியை அடைப்பது. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு, வெளியே போனால் தெளிந்து விடுகிறது என்றால் உடனே அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துப் போய் உதவி கேளுங்கள். அதைக் கண்டு கூவும் அலாரம் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். மாட்டியிருந்தால், போன அன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள், ஓசை வருகிறதா என்று.