பத்துப் பேர் சேர்ந்தால்தான் நெருப்பு சுடுமா?

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலே, தியாகராய நகரின் உட்தெருக்களிலே, அடையாற்றில் நாளுக்கொன்றாய் எழும்பும் அடுக்குமாடிகளின் வாசலிலே நீல ஒளி பளிச்சிடுகிறது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறோம். ஒரு நொடி பார்த்தால் நமக்குக் கண் கூசுகிறது. காலை முதல் இரவு வரை அந்த ஒளியின் முன் குந்தியிருக்கும் தொழிலாளத் தோழரின் கதி என்ன? ஜன்னலுக்குக் கிரில் வேண்டும், மாடிக்குக் கைப்பிடி வேண்டும், வாசலுக்குக் கதவு வேண்டும் என்று அவரிடம் சொல்கிறோம். கிலோவுக்கு என்ன விலை என்று கறாராகக் கேட்கிறோம். கண்ணாடி போட்டுக்கொண்டீரா என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அந்த ஒளியிலே கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் இருக்கிறது. அது விழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். சுட்டது அப்போதே தெரியாது, அதுதான் கொடுமை. வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்த பிறகு நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல் எரியும், நீர் வழியும். தாய்ப்பால் விடுவாரும் உண்டு, உருளைக்கிழங்கை அரிந்து வைத்துக் கட்டுவாரும் உண்டு. 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று, இந்த நகரின் நடுவிலேயே இருக்கிறது! அங்கே போனால் அரைநாள் கூலி போகும் என்று கணக்குப் பார்க்கிறார் தோழர். தெருவோரத்தில் வாங்கிய கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. வெல்டிங்குக்கென்றே செய்த, எண் 10-க்குக் குறையாத கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக் கவசம் வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் கையாள் பையனுக்கும் வேண்டும். பல பட்டறைகளில் கவசம் ஒன்றுதான், கண்களோ நான்கு.

வெட்டும் வேலை இன்னொரு வகை அபாயம். கறுப்பு சிலிண்டரில் ஆக்ஸிஜன். மெரூன் நிறச் சிலிண்டரில் அசிட்டிலின். ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை வெறியாட வைக்கும். ஆகவே அதன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளியும் படலாகாது. மரை இறுகிவிட்டதே என்று எண்ணெய் விடும் கை, வெடிக்குத் திரி கொளுத்தும் கை. அசிட்டிலினோ, காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றத் தயார். அசிட்டோன் திரவத்தில் கரைத்து அடைத்திருப்பதால் அந்தச் சிலிண்டரைப் படுக்க வைத்து வேலை செய்யக் கூடாது. நிமிர்த்திச் சங்கிலியால் கட்ட வேண்டும். டார்ச்சிலிருந்து தீ பின்னோக்கி ஓடினால் தடுக்கும் வால்வு ஒன்று உண்டு. அதைப் பொருத்தாத பட்டறை ஒவ்வொரு நாளும் சூதாடுகிறது.

எல்லாவற்றிலும் கொடியது காலி டிரம். எண்ணெய் இருந்த டிரம். இப்போது ஒன்றுமில்லை என்று நினைத்து நெருப்பை வைக்கிறார்கள். ஒன்றுமில்லையா? உள்ளே ஆவி இருக்கிறது! நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் பொல்லாதது என்பதைப் பழைய வெல்டர் எவரைக் கேட்டாலும் சொல்வார். நீர் ஊற்றிக் கழுவி, நீராலேயே நிரப்பி வைத்த பிறகன்றோ தொட வேண்டும்! சிறு பட்டறையில் மட்டுமா இந்த அபாயம்? வடசென்னை தண்டையார்பேட்டையில் 2023 டிசம்பர் 27 அன்று, பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்த எத்தனால் தொட்டி வெடித்து ஒரு தொழிலாளி மாண்டார். பெரிய நிறுவனத்திலேயே இந்த நிலை என்றால் சந்துப் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

சட்டம் இதை அறியாததா? அறியும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 35-ஆம் பிரிவில் கண் பாதுகாப்பைச் சொல்லிற்று. தீப்பற்றும் பொருள் இருந்த கலத்தை, அந்தப் பொருளையும் ஆவியையும் அகற்றாமல் பற்றவைக்கவோ வெட்டவோ கூடாது என்று 37-ஆம் பிரிவில் தெள்ளத் தெளிவாக எழுதிற்று. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலை எது? மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை! 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக உயர்த்திற்று. நம் சந்துப் பட்டறையில் இருப்பதோ முதலாளி ஒருவர், வெல்டர் ஒருவர், பையன் ஒருவன். மூன்று பேரைக் கண்டால் நெருப்பு சுடாமல் விலகிப் போகுமா? பழைய சட்டத்தின் 85-ஆம் பிரிவு, ஆள் குறைந்த இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்கியிருந்தது. தலையை எண்ணாதீர், தீயை எண்ணுங்கள் என்பதே நம் வாதம்.

தியாகராய நகர் வணிகப் பெருமக்களிடமும் ஒரு சொல். கடையை அழகுபடுத்த, இரவோடு இரவாக உள்ளே வெல்டிங் நடக்கிறது. கீழே துணி, மேலே தெர்மாகோல். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று நடந்தது இதுதான். மேலே சாலையில் வெல்டிங். தீப்பொறி இடுக்கு வழியே இறங்கிக் கூரைக்குள் இருந்த நுரைப் பலகையைப் பற்றிற்று. பதினேழு உயிர் போயிற்று. உஸ்மான் சாலையில் 2017 மே 31 விடியற்காலையில் துணிக்கடை ஒன்று பற்றி, மறுநாளும் எரிந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. அதற்கு வெல்டிங் காரணம் என்று நாம் சொல்லவில்லை. துணியும் பூட்டிய கட்டடமும் சேர்ந்தால் தீயை அணைப்பது எத்தனை பாடு என்பதற்காகவே நினைவூட்டுகிறோம். தீப்பொறி முப்பத்தைந்து அடி பறக்கும். பறந்து விழுந்த பொறி துணி மடிப்புக்குள் கனன்று, வேலையாட்கள் ஷட்டரை இழுத்துவிட்டுப் போன பிறகு எழும். எனவே வேலை முடிந்த பின்னும் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், வாளித் தண்ணீரோடு ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். அந்த ஆளின் கூலியை மிச்சம் பிடிப்பவர் கடையையே பணயம் வைக்கிறார்.

அரசினரைக் கேட்கிறோம். தொழிற்பாதுகாப்பைக் கற்பிக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கழகம் அடையாறுக்கு அருகே தரமணியில், சர்தார் பட்டேல் சாலையிலேயே இருக்கிறது. அங்கிருந்து சந்துப் பட்டறைகளுக்கு மாலை வேளையில் வந்து, தமிழில், கையில் டார்ச்சைப் பிடித்துக் காட்டிச் சொல்லித்தர ஏற்பாடு செய்யலாகாதா? 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் வெல்டர்களும் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு அட்டையோடு ஒரு முகக் கவசம், ஒரு ஜோடித் தோல் கையுறை. வாரியம் இவற்றைக் கொடுக்கட்டும். மாநகராட்சி பட்டறைக்குத் தொழில் உரிமம் வழங்கும்போது, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா, மணல் வாளி இருக்கிறதா, பையனுக்கும் கவசம் இருக்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும். அதுவரை, கிரில் செய்யக் கொடுக்கும் நாமே அந்தக் கேள்வியை வாசலில் நின்று கேட்கலாம்.