கிங்குக்கு கார் கொடுத்த குடும்பம்

ஒரு ஊர்ல யாருக்கும் பயப்படாம இருக்கணும்னா என்ன தொழில் செய்யணும்? வக்கீல்? போலீஸ்? அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பர்களைக் கேட்டிருந்தா, சாவு வீட்டுக் காரியம் பார்க்கிற ஆளைக் காட்டியிருப்பாங்க!

நிஜம்தாங்க. பஸ், பள்ளிக்கூடம் மட்டுமில்லை, அங்கே கல்லறையிலும் நிறம் பார்த்தார்கள். அதனால் கறுப்பர்களின் உடலைக் குளிப்பாட்டி, எம்பாமிங் செய்து, பெட்டியில் வைத்து அடக்கம் செய்ய கறுப்பர்களே ‘ஃப்யூனரல் ஹோம்’ நடத்தினார்கள். கஸ்டமர் எல்லாம் நம்ம ஜனம். அப்புறம் எந்த வெள்ளைக்கார முதலாளி வேலையை விட்டுத் தூக்க முடியும்? கறுப்பின டீச்சருக்குக்கூட அந்தத் தைரியம் கிடையாது. சம்பளம் வெள்ளையர் கையில்!

மெம்ஃபிஸ் நகரத்து ஆர்.எஸ்.லூயிஸ் அப்படிப்பட்ட ஆள். 1914-ல் கடை போட்டார். வந்த காசில் பங்களா கட்டியிருக்கலாம். மனுஷன் 1923-ல் பேஸ்பால் மைதானம் கட்டினார், கறுப்பர்களின் ‘மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ்’ டீமுக்காக! (சாவு வீட்டுக் காசுல ஸ்டேடியம்... யோசிச்சுப் பாருங்க!)

அப்பாவுக்குப் பிறகு மகன்கள் ராபர்ட்டும் கிளாரன்ஸும். 1968 பிப்ரவரியில் குப்பை லாரிக்குள் நசுங்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் செத்துப்போக, சுமார் 1,300 பேர் ஸ்டிரைக். ஆதரவு கொடுக்க வந்தார் மார்ட்டின் லூதர் கிங். ஊருக்குள் போய்வர வெள்ளை கேடிலாக் காரையும், டிரைவர் சாலமன் ஜோன்ஸையும் கொடுத்தது லூயிஸ் குடும்பம்.

ஏப்ரல் 4, மாலை 6 மணி. டின்னருக்குக் கிளம்பி லொரெய்ன் மோட்டல் பால்கனியில் நிற்கிறார் கிங். ‘குளிருது, கோட் போட்டுக்கங்க’ என்று கீழே கார் பக்கத்திலிருந்து சொல்கிறார் ஜோன்ஸ். சரி என்கிறார் கிங். அடுத்த சில நொடிகளில் துப்பாக்கிச் சத்தம்.

டின்னருக்குக் கார் அனுப்பிய அதே குடும்பத்திடம் அன்றிரவு கிங்கின் உடல் வந்தது. குண்டு பாய்ந்து தாடையே சிதைந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் அந்த முகத்தைச் சரிசெய்தார்கள் அண்ணனும் தம்பியும். மறுநாள் காலை அவர்களுடைய சேப்பலில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். அட்லான்டாவுக்கு விமானம் ஏறும் முன் மெம்ஃபிஸ் ஜனம் வரிசையில் வந்து, குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தது.

12 நாள் கழித்து, ஏப்ரல் 16-ல் துப்புரவுத் தொழிலாளர் யூனியனை நகராட்சி ஏற்றுக்கொண்டது. சம்பளமும் கூடியது.