நீங்க யாரு? உங்களுக்கு இங்க என்ன அனுமதி?

இன்னைக்கு ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். தப்பு என்னோடதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஊழியர்கள் அவங்கவங்க பே ஸ்லிப்பை டவுன்லோட் பண்ற பக்கத்தை நான்தான் எழுதினேன். லாகின் இருந்தது, பாஸ்வேர்டு இருந்தது, ஓடிபி கூட இருந்தது. பக்காவா பண்ணிட்டோம்னு ஒரு பெருமை. லைவ் போய் ரெண்டு வாரம் கழிச்சு, டெஸ்டிங் டீம்ல இருந்த ஒரு அக்கா, "தம்பி, கொஞ்சம் இங்க வாயேன்"னு கூப்பிட்டாங்க. பிரவுசர்ல இருந்த முகவரியோட கடைசியில ஒரு எண் இருந்தது. அதை ஒன்னு கூட்டி என்டர் தட்டினாங்க. வேற ஒருத்தரோட சம்பளம், பேங்க் கணக்கு எண், பிடித்தம் எல்லாம் திரையில வந்து நின்னுச்சு.

எனக்குக் கை கால் ஓடல. நான் எங்க கோட்டை விட்டேன்னு புரியணும்னா, கம்ப்யூட்டர் நம்மகிட்ட கேட்க வேண்டிய ரெண்டு கேள்வியைத் தனித்தனியா பார்க்கணும்.

முதல் கேள்வி: நீ யாரு?

இதுக்குப் பேர் ஆதென்டிகேஷன். அடையாளத்தைச் சரிபார்க்கிறது. கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு கேட்கிற பழக்கம் அமெரிக்காவுல எம்ஐடி-யில ஃபெர்னாண்டோ கார்பாட்டோ குழு உருவாக்கின சிடிஎஸ்எஸ்-ல இருந்து வருது. 1961-ல காட்டப்பட்ட அமைப்பு. ஒரே மெஷினைப் பல பேர் பங்கு போட்டுக்கிட்டதால ஒவ்வொருத்தருக்கும் தனி ஃபைல், தனி நேர ஒதுக்கீடு. அதைப் பிரிச்சுக் காட்டத்தான் பாஸ்வேர்டு.

அடுத்த வருஷமே அது உடைஞ்சது! ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கின நேரம் பத்தல. பாஸ்வேர்டு ஃபைலையே பிரின்ட் எடுக்கச் சொல்லி மெஷினுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். அதுவும் சமத்தா பிரின்ட் எடுத்துக் கொடுத்துடுச்சு. 1966-ல இன்னொரு கூத்து. ரெண்டு தற்காலிக ஃபைல் இடம் மாறினதால, லாகின் பண்ற எல்லாருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலா மொத்த பாஸ்வேர்டு பட்டியலும் திரையில வந்தது.

ரெண்டுக்கும் வேர் ஒன்னுதான். பாஸ்வேர்டை அப்படியே எழுதி வச்சிருந்தாங்க.

இதுக்குத் தீர்வு ஹேஷிங். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாதுல்ல? அது மாதிரி. சர்வர் மாவை மட்டும் வச்சுக்கும். நீங்க பாஸ்வேர்டு கொடுத்ததும் அதே மாதிரி அரைச்சு, ரெண்டு மாவும் ஒன்னான்னு பார்க்கும். ஆனா ஒரே பாஸ்வேர்டு வச்சிருக்கிற ரெண்டு பேருக்கும் ஒரே மாவு வந்துடுமே? அதனால ஒவ்வொருத்தர் மாவுலயும் வேற வேற உப்பு போடுறாங்க. நிஜமாவே அதுக்குப் பேர் சால்ட்தான். இப்போ திருடன் ஒரு தடவை அரைச்சு எல்லார்கிட்டயும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஒவ்வொருத்தருக்கும் புதுசா அரைக்கணும்.

சால்ட் பத்தி ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-ல யூனிக்ஸுக்காக எழுதினாங்க. அதுக்காக அவங்க திரட்டின 3,289 பாஸ்வேர்டுல 86 சதவீதம் சுலபமா கண்டுபிடிக்கக் கூடியதா இருந்துச்சு. நாம இன்னும் பெருசா மாறல. 2009-ல ராக்யூ தளத்துல இருந்து சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டு, அரைக்காம அப்படியே கசிஞ்சது. பட்டியல்ல முதலிடம் 123456.

பாஸ்வேர்டு ஒன்னை மட்டும் நம்ப முடியாதுங்கிறதாலதான் ரெண்டாவது சாட்சி கேட்கிறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சது, உங்ககிட்ட இருக்கிறது, உங்க உடம்புல இருக்கிறதுன்னு மூணு வகை. ஏடிஎம்-ல கார்டு உங்ககிட்ட இருக்கு, பின் உங்களுக்குத் தெரியும். ஓடிபி "இந்த ஃபோன் என்கிட்டதான் இருக்கு"ங்கிறதுக்கான சாட்சி. அதை ஃபோன்ல வேற ஒருத்தருக்குச் சொன்னா, உங்க சாட்சியை அவர் சொல்றார். கைரேகை வசதியானது, ஆனா கசிஞ்சா மாத்திக்க முடியாது.

ரெண்டாவது கேள்வி: உனக்கு இதுக்கு அனுமதி இருக்கா?

இதுக்குப் பேர் ஆதரைசேஷன். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உங்களை அடையாளம் தெரிஞ்சு கேட்டைத் திறந்து விடுறார். அதுக்காக எதிர்வீட்டுச் சாவியையும் கையில கொடுப்பாரா? நான் கொடுத்திருந்தேன். "லாகின் ஆகியிருக்காரா"ன்னு மட்டும்தான் என் கோடு பார்த்துச்சு. "இந்த பே ஸ்லிப் இவரோடதா"ன்னு பார்க்கவே இல்ல. சரி பண்ணினது ஒரே ஒரு இஃப் கண்டிஷன்.

இது ஃப்ரெஷர் மட்டும் பண்ற தப்பு இல்ல. 2019-ல அமெரிக்காவோட ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபினான்ஷியல் நிறுவனத்தோட தளத்துலயும் இதேதான். முகவரியில எண்ணை மாத்தினா வேற ஒருத்தரோட வீட்டுக் கடன் ஆவணம் வரும். சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படித் திறந்து கிடந்துச்சு. அங்க லாகினே கேட்கல.

அதனால கோடு எழுதுறவங்களுக்கு ஒரு விதி: ஒருத்தருக்கு அவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். லினக்ஸ்ல படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூணையும் கூட்டினா 7. எரர் வந்த எரிச்சல்ல 777 கொடுத்தீங்கன்னா, அந்த மெஷின்ல இருக்கிற எல்லாரும் அந்த ஃபைல்ல என்ன வேணா பண்ணலாம்னு எழுதிக் கொடுத்த மாதிரி.

கடைசியா

என் கதையில இன்னும் ஒன்னு பாக்கி. யார் எதைத் திறந்து பார்த்தாங்கன்னு லாக் எழுத நான் மறந்துட்டேன். அதனால அந்த ரெண்டு வாரத்துல யாரோட சம்பளத்தை யார் பார்த்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியல. எல்லாருக்கும் மெயில் அனுப்பி மன்னிப்பு கேட்டோம். மேனேஜர் திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பூட்டு, சாவி மட்டும் போதாது, வருகைப் பதிவேடும் வேணும்.

நீங்க இன்னைக்கே பண்ண வேண்டியது: மெயிலுக்கும் பேங்குக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தா மாத்துங்க. மெயிலுக்கு ரெண்டாவது சாட்சியை ஆன் பண்ணுங்க, ஏன்னா மத்த கணக்கோட ரீசெட் லிங்க் எல்லாம் அங்கதான் வரும். "ஃபர்காட் பாஸ்வேர்டு" கொடுத்தா பழைய பாஸ்வேர்டையே அனுப்பி வைக்கிற தளம் இருந்தா, அங்க அரைக்காத அரிசி இருக்குன்னு அர்த்தம். கிளம்பிடுங்க.

அடுத்த எபிசோடுல பாஸ்வேர்டே இல்லாத பாஸ்கீ பத்திப் பேசலாம்.